ஸ்னோ ரோட்ல வண்டி சொன்னபடி கேக்கலியா? போடிமெட்டு, குமுளி, மூணாறு ஆளுகளுக்கு ஒரு வழிமுறை

டிசம்பர் ஜனவரி வந்தா நம்ம பக்கம் ஒரு கூட்டம் கிளம்பிருது. கம்பம், போடி, குமுளி, மூணாறு, மறையூர்னு எல்லா ஊர்லயும் நாலு பசங்க சேந்து மதுரையிலயோ கொச்சியிலயோ பிளைட்ட புடிச்சு, டெல்லி இல்லன்னா சண்டிகர்ல ஒரு செல்ஃப் டிரைவ் வண்டிய எடுத்து, மணாலி பக்கம் சோலாங்ல ஸ்கீயிங், அப்படியே அடல் டனல் தாண்டி சிஸ்ஸு, காசு கொஞ்சம் கூட இருந்தா காஷ்மீர்ல குல்மார்க். ஸ்னோல ஓட்டிருவியாடான்னு கேட்டா எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி ஒரே பதில், "போடிமெட்டு 17 கொண்டை ஊசிய ராத்திரி மூடுபனியில ஏத்துறவனுக்கு மணாலி என்ன பெரிய இதுவா".

பாதி சரிதான். வளைவுல ஹாரன் அடிக்கிறது, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுறது, கண்ணுக்கு முன்னாடி வெள்ளையா இருந்தா லோ பீம் போடுறது, இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம், சமவெளியில இருந்து வர்ற ஆளுகள விட நாம எவ்வளவோ தேவல. மீதி பாதியிலதான் சிக்கல். நம்ம கை காலு பழகுனது எல்லாம் டயர் ரோட்ட புடிக்கும்ங்கற நம்பிக்கையில பழகுனது, அங்க அந்த நம்பிக்கையே கிடையாது.

கணக்கு பாத்தா புரியும். காஞ்ச தார் ரோட்ல 40 ஸ்பீடுல பிரேக் அடிச்சா சுமாரா 9 மீட்டர்ல நின்னுரும். வண்டிக ஓடி ஓடி இறுகிப்போன ஸ்னோல அதே 40க்கு 25 மீட்டர் வேணும். ஐஸ்னா 60 தாண்டும். இது சமதளத்துக்கு, நீங்க பாத்து யோசிச்சு கால வைக்கிற நேரத்த சேக்காம. இறக்கம்னா இன்னும் கூடும். டயருக்கு அங்க இருக்கறது கொஞ்சூண்டு பிடி, பிரேக்கு, ஸ்டியரிங், ஆக்ஸிலேட்டர் மூணும் அதையேதான் பங்கு போட்டுக்கணும், அதனால ஒரு நேரத்துல ஒரு வேலைதான் வாங்கணும். கீழ இருக்கற எல்லா பிரச்சினைக்கும் வைத்தியம் சுத்தி சுத்தி இதுலதான் வந்து நிக்கும்.

உயிர் போற விஷயத்த முதல்ல சொல்லிடுறேன், ஸ்டார்ட் ஆகாதது, கண்ணாடி உறையுறதெல்லாம் அப்புறம்.

இறக்கத்துல பிரேக் அடிச்சும் வண்டி நிக்கல, வழுக்கிக்கிட்டே போகுது

முதல்ல பெடல்ல கால் என்ன உணருதுன்னு பாருங்க. போன சீசன்ல மறையூர் பையன் ஒருத்தன் அங்க இருந்து போன் பண்ணி பதறுறான், "அண்ணே, வண்டியில பிரேக் போச்சுண்ணே, மிதிச்சா கட கடன்னு கால திருப்பி அடிக்குது, நான் பயந்து கால எடுத்துட்டேன்". "டேய், அது பிரேக் போகலடா, சக்கரம் லாக் ஆகாம பிரேக்க விட்டு விட்டு புடிக்கற ஏபிஎஸ் வேலை செய்யுது. நீ கால எடுத்தாதான் அது வேலைய நிறுத்தும்". நம்ம ஊர்ல பழைய ஜீப்பு, பொலேரோன்னு ஓட்டி வளந்த நிறைய பேருக்கு ஏபிஎஸ் உதறுறது காலுக்கு தெரியாது, அதான் விஷயம். ஏபிஎஸ் இருக்கற வண்டியில அவசரத்துக்கு பிரேக் புடிச்சா அமுக்குன கால எடுக்கவே கூடாது, அது உதறட்டும், நீங்க ஸ்டியரிங்க பாருங்க. ஏபிஎஸ் இல்லாத வண்டின்னா அமுக்கி விட்டு அமுக்கி விட்டு நீங்களே பம்ப் பண்ணனும், சக்கரம் லாக் ஆனா ஸ்டியரிங் வெறும் அலங்காரம்தான்.

ஆனா பிரேக்க நம்பி இறங்குறதே தப்பு. இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, மேல சமமா இருக்கற இடத்துலயே, செகண்டுக்கோ ஃபர்ஸ்டுக்கோ வந்துருங்க. ஆட்டோமேட்டிக்னா டி-யில விடாதீங்க, எல் இருந்தா எல், இல்லன்னா மேனுவல் மோடுல 1 இல்ல 2. இன்ஜின் புடிச்சு இழுக்கட்டும், நடந்து போற வேகத்துல வண்டி இறங்கட்டும், பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் அடிக்கட்டும். இடையில கியர் மாத்தணும்னா கிளட்ச்ச சட்டுனு விடக்கூடாது, அந்த ஒரு ஜெர்க்குலயே டயர் பிடி விட்டுரும்.

இங்க நம்ம ஆளுககிட்ட ஒரு பழக்கம் இருக்குல்ல, குமுளியில இருந்து லோயர் கேம்ப் வரைக்கும் டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறது. இங்கயே அது தப்பு, கேட்டா சிரிப்பாங்க. அங்க நியூட்ரல்ல ஒரு வளைவு கூட தாங்காது. ஒரே ஒரு விதிவிலக்கு, சுத்தமான ஐஸ்ல ஃபர்ஸ்ட் கியர் இழுப்பே சக்கரத்த லாக் பண்ணி வண்டி வழுக்குச்சுன்னா ஒரு கணம் கிளட்ச்ச அமுக்குங்க, சக்கரம் உருண்டாதான் ஸ்டியரிங் கேக்கும், உருள ஆரம்பிச்சதும் கிளட்ச்ச மெதுவா விட்டுறணும்.

எல்லாம் பண்ணியும் நிக்கலியா? பள்ளத்துப் பக்கம் போறத விட மலைப்பக்கம் போறது மேல். ரோட்ட கிளியர் பண்றப்ப ஸ்னோவ ஓரமா குவிச்சு வச்சிருப்பாங்க, மலைப்பக்கம் இருக்கற குவியல்ல சைடை ஒரசி நிப்பாட்டுங்க. பம்பர், ஃபெண்டர், ஒரு கண்ணாடி போகும். போனா போகுது, ரெண்ட் வண்டிக்கு டெபாசிட்தான போகும். பள்ளத்துப் பக்கம் இருக்கற குவியல நம்பாதீங்க, அதுக்கு அடியில ரோடு இருக்கா வெறும் ஸ்னோ நீட்டிக்கிட்டு நிக்குதான்னு மேல இருந்து பாத்தா தெரியாது.

வளைவுல ஸ்டியரிங் திருப்புறேன், வண்டி நேரா போகுது

முன் டயர் பிடி விட்டுருச்சு. நம்ம கை உடனே என்ன பண்ணும்னா இன்னும் திருப்பும். கொண்டை ஊசியில லாக் வரைக்கும் ஒடிச்சுப் பழகுன கை, கேக்கவே கேக்காது. அப்படி ஒடிச்சா டயர் குறுக்க நின்னுக்கிட்டு ஸ்னோவ தள்ளிக்கிட்டே போகும், அப்புறம் திடீர்னு ஒரு இடத்துல பிடி கிடைச்சா வண்டி வெடுக்குனு உள்பக்கம் பாயும். ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுங்க, பிரேக்க தொடாதீங்க, ஸ்டியரிங்க கொஞ்சம் நேராக்குங்க, டயர் உருண்டு பிடி கிடைக்கட்டும், அப்புறம் மெதுவா திருப்புங்க. ஒரு வினாடி ரெண்டு வினாடி ஆகும். அந்த ரெண்டு வினாடி இருக்கணும்னா வளைவுக்குள்ள வர்றப்பவே வேகம் இருக்கக்கூடாது. பிரேக் அடிக்கிற வேலைய நேர் ரோட்லயே முடிச்சுருங்க, வளைவுல ஸ்டியரிங் மட்டும், வளைவு முடிஞ்சு வண்டி நேரானதும் ஆக்ஸிலேட்டர்.

பின்பக்கம் ஒதுங்குது, வண்டி சுத்தப் பாக்குது

பழைய இன்னோவா, பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி பின் சக்கரம் இழுக்கற வண்டியில இது அடிக்கடி வரும், முன் சக்கர வண்டியிலயும் இறக்கத்துல படக்குனு பிரேக் அடிச்சா வரும். பின்பக்கம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்க திருப்பணும், கண்ணு மட்டும் நீங்க போக வேண்டிய ரோட்டப் பாக்கணும். பள்ளத்தப் பாத்தா கை தன்னால பள்ளத்துக்குத்தான் திருப்பும். பிரேக் வேணாம். நேரானதும் ஸ்டியரிங்க உடனே நடுவுக்கு கொண்டு வந்துருங்க, இல்லன்னா அடுத்த பக்கம் சுத்தும்.

ரோடு கருப்பா காஞ்ச மாதிரிதான் இருக்கு, ஆனா ஸ்டியரிங் திடீர்னு லேசாயிருச்சு

இதுதான் அங்க இருக்கறதுலயே மோசம். பிளாக் ஐஸ். ஸ்னோ விழுந்த ரோடாவது வெள்ளையா இருந்து எச்சரிக்கை குடுக்கும், இது தார் மேல கண்ணாடி மாதிரி படிஞ்சிருக்கும், பாத்தா லேசா நனைஞ்ச ரோடுன்னுதான் தோணும். கண்ணால கண்டுபிடிக்கறத விட காதால சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், டயர் உருள்ற சத்தம் சட்டுனு நின்னுரும், ஸ்டியரிங்ல கனமே இருக்காது. முன்னாடி போற வண்டி டயர்ல இருந்து தண்ணி தெறிக்கலியா, ஆனா ரோடு பளபளன்னு இருக்கா, அப்ப அது தண்ணி இல்ல.

எங்க இருக்கும்னா பாலத்து மேல, ஏன்னா அடியிலயும் குளிர் காத்து போறதால மத்த ரோட்ட விட முன்னாடி பாலம் உறைஞ்சிரும். மலை நிழல் விழுற வளைவுல, தேவதாரு மரம் அடர்ந்த இடத்துல, ரோட்டுக்கு குறுக்க ஓடை வழியுற இடத்துல. பகல் வெயில்ல ஸ்னோ உருகி ரோட்ல ஓடும், சாயங்காலம் நாலரை அஞ்சுக்கு சூரியன் மலைக்குப் பின்னாடி போனதும் ஓடுன தண்ணி அப்படியே உறையும். சரியா அந்த நேரத்துலதான் சோலாங்ல ஸ்கீயிங் முடிச்சவனும் சிஸ்ஸு போனவனும் ஒட்டுமொத்தமா திரும்புறான். நான் சொல்றது, மத்தியானம் ரெண்டு மணிக்கே கிளம்புங்க. இன்னும் ரெண்டு ரவுண்டு சறுக்கலாம்னு தோணும், மறுநாள் சறுக்கிக்கலாம்.

மாட்டிக்கிட்டா எதுவுமே பண்ணாதீங்க. பிரேக் இல்ல, ஆக்ஸிலேட்டர் இல்ல, ஸ்டியரிங்க அப்படியே புடிச்சுக்கிட்டு இருங்க, பல இடத்துல பத்து இருபது அடிதான் இருக்கும், அது தாண்டுனா டயர் தானா புடிச்சுக்கும்.

ஏத்தத்துல டயர் சும்மா சுத்துது, வண்டி நகரல

நம்ம ஊர்ல மழையில எஸ்டேட் மண் ரோட்ல ஜீப் மாட்டுனா என்ன பண்றோம், ஃபர்ஸ்ட் போட்டு முறுக்குறோம், நாலு பேர் பின்னாடி தள்ளுறான், சேறு தெறிக்க ஏறிருது. ஸ்னோல முறுக்குனா டயர் சூட்டுல அடியில உருகி, உடனே உறைஞ்சு, டயருக்குன்னே ஒரு ஐஸ் குழி ரெடியாயிரும். ரெண்டு தடவ சுத்துனதும் நிறுத்திருங்க.

இறங்கி டயருக்கு முன்னாடி பின்னாடி இருக்கற ஸ்னோவ கையாலயோ தட்டாலயோ தோண்டி எடுங்க. ரோட்டோரம் மணல், ஜல்லி, சாம்பல் எது கிடைச்சாலும் போடுங்க, இல்லன்னா வண்டி மேட்டை எடுத்து இழுக்கற சக்கரத்துக்கு அடியில சொருகுங்க, அந்த மேட் பின்னாடி பறக்கும், அங்க யாரையும் நிக்க விடாதீங்க. ஸ்டியரிங் நேரா இருக்கட்டும். ஃபர்ஸ்ட் வேணாம், செகண்ட்ல கிளட்ச்ச ரொம்ப மெதுவா விட்டு எடுங்க. டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கற வண்டியில டயர் சுத்த ஆரம்பிச்சதும் அதுவே இன்ஜின் பவர கட் பண்ணிரும், நீங்க மிதிக்க மிதிக்க வண்டி மூச்சே விடாது, வண்டி ரிப்பேர்னு நினைக்க வேணாம். டாஷ்போர்டுல வண்டி வழுக்குற மாதிரி படம் போட்ட பட்டன் இருக்கும், குழியில இருந்து வெளிய வர்ற வரைக்கும் மட்டும் அத ஆஃப் பண்ணி, முன்ன பின்ன முன்ன பின்னன்னு ஊஞ்சலாட்டி எடுங்க, வெளிய வந்ததும் மறக்காம ஆன் பண்ணிருங்க. சுடுதண்ணி ஊத்துற யோசனை மட்டும் வேணாம், அஞ்சு நிமிஷத்துல அது ஐஸ்.

ஏத்தத்துல நடுவுல நிக்கவே கூடாது, நின்னா திரும்ப எடுக்க முடியாது. முன்னாடி போறவன் மேல ஏறி முடிக்கட்டும், கீழ சமதளத்துல காத்திருந்து அப்புறம் ஒரே சீரா ஏறுங்க. ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு நம்ம சட்டத்துலயே இருக்கு, மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறை 2017ல, அங்க அது மரியாதை விஷயம் மட்டும் இல்ல, ஏறுறவன நிறுத்த வச்சா அவன் பின்னால வழுக்கி போயிருவான்.

ஸ்னோக்குன்னு டயர்ல கட்டுற செயின் போட்டும் பிரயோசனம் இல்ல, இல்லன்னா டப் டப்னு அடிக்குது

முதல்ல எந்தச் சக்கரத்துல போட்டிருக்கீங்க? ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 எல்லாம் முன் சக்கரம் இழுக்கற வண்டி, செயின் முன்னாடிதான். பொலேரோ, பழைய இன்னோவாக்கு பின்னாடி. சொன்னா நம்ப மாட்டீங்க, நம்ம ஆளுகள்ல நிறைய பேருக்கு தான் ஓட்டுற வண்டியில எந்தச் சக்கரம் இழுக்குதுன்னே தெரியாது. இழுக்காத சக்கரத்துல செயின் கட்டி ஏத்தத்துல நின்னு செயின்காரனத் திட்டுவாங்க.

டயர் சைடுல 185/65 ஆர்15னு எழுதியிருக்கும், அந்த சைஸுக்கான செயின்தான் வேணும். லூசா இருந்தா ஃபெண்டர்ல அடிக்கும், விட்டா பிரேக் ஹோஸ வெட்டிரும். கட்டி முடிச்சு ஒரு 50 மீட்டர் ஓட்டி, நிறுத்தி, இன்னொரு தடவ இறுக்கணும், இந்த ரெண்டாவது இறுக்கத்த யாருமே பண்றதில்ல, சத்தம் வர்றதுல முக்கால்வாசி இதனாலதான். 40க்கு மேல போகக்கூடாது, ஸ்னோ இல்லாத தார் ரோடு வந்தா கழட்டிரணும். ஏத்தத்துல மாட்டிக்கிட்டு அப்புறம் கட்டுறது நரகம், விரல் மரத்து கொக்கி தெரியாது, அதனால கீழயே கட்டுங்க. குல்மார்க் போறவங்க அதுக்கு கீழ இருக்கற டங்மார்க் ஊர்லயே வாடகைக்கு எடுத்துக்கலாம், அங்க இருந்து மேல 13 கிலோமீட்டர் ஏத்தம், ஸ்னோ விழுந்தா செயின் இல்லாம விட மாட்டாங்க. செயின் ஏத்தத்துக்கு உதவும், பிரேக்குக்கும் ஓரளவு உதவும், முன்னாடி மட்டும் கட்டுனா பின்பக்கம் வழுக்குறது அப்படியேதான் இருக்கும்.

பெடல்ல கால் நழுவுது

பூட்ஸ் அடியில ஸ்னோ அப்பி இறுகி கட்டியா ஒட்டியிருக்கும், பாத்தா தெரியாது, கிளட்ச்ல வச்சதும் வழுக்கும். ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பூட்ஸையும் ஒண்ணோட ஒண்ணு தட்டிட்டு ஏறுங்க. ஸ்கீ பூட்ஸோட ஓட்டுறது வேணவே வேணாம், அது கணுக்காலையே மடக்க விடாது. சாதா ஷூ ஒண்ணு டிரைவர் சீட்டுக்கு கீழ கிடக்கட்டும்.

கண்ணாடி உள்ள ஒரே புகையா மூடிக்குது

மேல சொன்ன பூட்ஸ்தான் காரணம், கூட நனைஞ்ச கிளவுஸ், ஜாக்கெட், அஞ்சு பேர் மூச்சு. எல்லா ஈரமும் கண்ணாடியிலதான் வந்து உக்காரும். காத்து உள்ளயே சுத்துற மோடுல இருந்தா வெளிக்காத்து மோடுக்கு மாத்துங்க, ஹீட்டர கண்ணாடிக்கு திருப்பி, ஏசி பட்டனையும் போடுங்க. ஹீட்டரும் ஏசியும் சேத்தான்னு கேப்பாங்க, ஏசி காத்துல இருக்கற ஈரத்த எடுக்கும், ஹீட்டர் சூடாக்கும், ரெண்டும் சேந்தாதான் சீக்கிரம் தெளியும். கையால துடைச்சா எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சு எதிர் வண்டி லைட்டுல ஒண்ணும் தெரியாது.

காலையில கண்ணாடி வெளிய ஐஸ், வைப்பர் ஒட்டிக்கிச்சு

ஜனவரியில செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் விடியகாலம் பாத்தவங்களுக்கு இது தெரியும், புல்லெல்லாம் வெள்ளையா கிடக்கும், வண்டிக் கண்ணாடியிலயும் படிஞ்சிருக்கும், ஒரு சொம்பு வெந்நிய ஊத்தி கழுவி விட்டுட்டு போவாங்க. இங்க ஜீரோவ ஒட்டித்தான் இருக்கும், பொழச்சுக்கும். அங்க மைனஸ் 8, 10ல நிக்கற கண்ணாடியில வெந்நி ஊத்துனா விரிசல் விழும், ஏற்கனவே கல்லு பட்ட புள்ளி இருந்தா நிச்சயம். இன்ஜின ஸ்டார்ட் பண்ணி டீஃபாகர போட்டு விட்டு பிளாஸ்டிக் கார்டால சுரண்டுங்க. வைப்பர ராத்திரியே தூக்கி நிறுத்தி வச்சிருக்கணும், ஒட்டுனத ஓட விட்டா மோட்டார் போகும். வாஷர் டேங்குல தண்ணியும் ஷாம்பு பாக்கெட்டும் ஊத்துற நம்ம வழக்கம் அங்க ஆகாது, உறைஞ்சு டேங்க் வெடிக்கும், குளிர்ல உறையாத வாஷர் திரவம்னு கேட்டு வாங்கி ஊத்துங்க.

கூரை மேல இருக்கற ஸ்னோவையும் தள்ளிட்டு கிளம்புங்க, முதல் பிரேக்குலயே அது மொத்தமா கண்ணாடிக்கு முன்னாடி சரியும்.

ஸ்டார்ட் ஆகல

ரெண்டு வகை. மோட்டார் இழுத்து இழுத்து முனகுதுன்னா பேட்டரி. ஜீரோ டிகிரியிலயே அது தன் பலத்துல மூணுல ஒரு பங்க இழந்துரும், கூடவே இன்ஜின் ஆயிலும் கெட்டியா இருக்கும், பழைய வண்டிக்கு 20டபிள்யூ-50ங்கற கெட்டி ஆயில் ஊத்தியிருந்தா சொல்லவே வேணாம். லைட்டு, ஹீட்டர், பாட்டு எல்லாத்தையும் அணைச்சுட்டு, கிளட்ச்ச முழுசா அமுக்கி, பத்து வினாடிக்கு மேல சாவிய புடிக்காம, விட்டு விட்டு அடிங்க. இன்னொரு வண்டி பேட்டரியில இருந்து கரண்ட் எடுக்கற ஜம்பர் கேபிள் ஒண்ணு கையில இருக்கணும்.

மோட்டார் நல்லா சுத்துது ஆனா புடிக்கல, டீசல் வண்டின்னா, டீசல்ல மெழுகு படிஞ்சிருக்கும். மூணாறுல மார்கழி தையில தேங்காய் எண்ணெய் பாட்டில்ல எப்படி வெள்ளையா உறையுதோ அதே கதை. நம்ம சாதா டீசல் வின்டர் கிரேடே 6 டிகிரி வரைக்கும் ஃபில்டர அடைக்காம ஓடுனா போதும்ங்கறதுதான் விதி, சம்மர் கிரேடுக்கு அது 18 டிகிரி. சொந்த வண்டியில ஊர்ல இருந்தோ சமவெளியிலயோ ஃபுல் டேங்க் அடிச்சுட்டு ஜம்முனு மேல ஏறி ராத்திரி நிறுத்துறவங்களுக்குத்தான் இந்த ஆப்பு. டேங்க காலியாக்கிக்கிட்டே போய் குல்லு, மணாலி பக்கம் லோக்கல் டீசல் அடிங்க. லடாக்குக்குன்னு இந்தியன் ஆயில் 2019ல மைனஸ் 33 வரைக்கும் உறையாத டீசலே கொண்டு வந்தாங்க, அந்த அளவுக்கு இது நிஜமான பிரச்சினை. உறைஞ்சிருச்சுன்னா வெயில் வர்ற வரைக்கும் பொறுங்க, ஃபில்டர் மேல வெந்நியில நனைச்ச துணிய சுத்தலாம். லாரிக்காரங்க டேங்குக்கு கீழ தீ மூட்டுறதப் பாத்துட்டு நீங்களும் ஆரம்பிக்காதீங்க, மண்ணெண்ணெய் கலக்குறேன்னு பிஎஸ்6 வண்டியில ஊத்தி இன்ஜெக்டர காலி பண்ணவும் வேணாம்.

சொந்த வண்டிக்காரங்களுக்கு இன்னொண்ணு, இது நம்ம பக்கத்து வியாதி. மெட்டு ஏறுறப்ப வண்டி சூடாயிருச்சுன்னா வழியில ஊத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சு ரேடியேட்டர்ல ஊத்திக்கிட்டே இருப்போம். வருஷக்கணக்கா ஊத்தி ஊத்தி உள்ள கூலண்ட் பேருக்குத்தான் இருக்கும், முழுக்க பச்சத் தண்ணி. தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் விரியும், ரேடியேட்டர் மட்டும் இல்ல இன்ஜின் பிளாக்கே பிளக்கும், காலையில கீழ கூலண்டோட பச்சையோ சிவப்போ இல்லாம வெறும் ஐஸ் வழிஞ்சு நிக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி முழுசா வடிச்சு கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்துங்க, அது மைனஸ் 35 வரைக்கும் தாங்கும்.

ஸ்டார்ட் ஆச்சு, நகரல, பின்னாடி எதோ புடிச்சுக்கிட்டு இருக்கு

ஹேண்ட்பிரேக் உறைஞ்சிருச்சு. ஈரமான பிரேக்கோட நிறுத்தி ஹேண்ட்பிரேக் இழுத்தா ராத்திரியில ஷூ டிரம்மோட ஒட்டிக்கும். வண்டி கொஞ்சம் சூடாகட்டும், அப்புறம் ரிவர்ஸ் ஃபர்ஸ்ட்னு மாத்தி மாத்தி மெதுவா அசைச்சுப் பாருங்க, சக்கரத்து மேல மரக்கட்டையால லேசா தட்டலாம். முறுக்கி இழுக்காதீங்க. ராத்திரி நிறுத்துறப்ப கியர்ல போட்டு, சக்கரத்துக்கு கல்லு வச்சா போதும், கல்லு வைக்கிறதுல நம்மள மிஞ்ச ஆள் கிடையாது.

ஜாம்ல நின்னு மணிக்கணக்காச்சு, தலை வலிக்குது, தூக்கம் வருது

உடனே கண்ணாடிய இறக்குங்க, இறங்கி சைலன்சரப் பாருங்க. ஸ்னோ விழுந்து சைலன்சர் வாய் மூடியிருந்தா புகை வண்டிக்குள்ளயே வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குன மாதிரியே ஆள் போயிருவான். பாகிஸ்தான்ல மரீங்கற மலை ஊர்ல 2022 ஜனவரியில ஸ்னோ பாக்கப் போன கூட்டம் ராத்திரி பூரா ரோட்லயே மாட்டி வண்டிக்குள்ள 20 பேருக்கு மேல செத்தாங்க, குளிர்தான் காரணம்னு மொதல்ல நினைச்சதுல புகையும் சேந்திருந்தது. நம்ம நாட்டுலயும் ஜாம் ஒண்ணும் புதுசில்ல, 2024 டிசம்பர்ல சோலாங்குக்கும் அடல் டனலுக்கும் நடுவுல ஆயிரம் வண்டி பக்கம் நின்னு போச்சு, போலீஸ் ராத்திரி பூரா ஒவ்வொண்ணா எடுத்து விட்டாங்க.

இன்ஜின விடாம ஓட்டாதீங்க, மணிக்கு ஒரு பத்து நிமிஷம், அதுவும் சைலன்சர சுத்தம் பண்ணிட்டு, ஒரு கண்ணாடிய ஒரு விரல் அளவு இறக்கி வச்சுக்கிட்டு. யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும். பாதி டேங்குக்கு கீழ இறங்க விடாம அடிச்சுக்கிட்டே இருங்க. போர்வை, தண்ணி, கடலை மிட்டாய், முறுக்கு, எது இருந்தாலும் பின் சீட்ல இருக்கணும், டிக்கில போட்டு, டிக்கி ஐஸ்ல உறைஞ்சு திறக்காம நின்னா பிரயோசனம் இல்ல.

மணாலியில இருந்து சோலாங் போற வழியில நேரு குண்ட்லயே போலீஸ் நிறுத்தி திருப்பி விடுறாங்க

வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல, ஸ்னோ விழுந்தா அதுக்கு மேல ஃபோர் பை ஃபோர் மட்டும்தான் விடுவாங்க. சண்டை போட வேணாம், "கேரளா ஹில் டிரைவர் சார்"னு லைசென்ஸ நீட்டுறதும் வேணாம். வண்டிய அங்க ஓரம் கட்டிட்டு லோக்கல் ஃபோர் பை ஃபோர் எடுத்துட்டு போங்க. மூணாறுல இருந்து கொளுக்குமலைக்கு சூரியநெல்லி ஜீப்காரங்க இல்லாம சொந்த வண்டியில போறேன்னு ஒருத்தன் வந்தா நாம என்ன சொல்லுவோம்? அதையேதான் அவன் நமக்குச் சொல்றான். ரேட்ட ஏறுறதுக்கு முன்னாடி பேசிக்கோங்க, வெயிட்டிங் சேத்தா சேக்காமலான்னும் கேட்டுக்கோங்க. ஃபோர் பை ஃபோர் வச்சிருக்கறவங்களும் ரொம்ப ஆட வேணாம், நாலு சக்கரமும் இழுக்கும்ங்கறது ஏறத்தான், நிறுத்துறப்ப எல்லா வண்டிக்கும் நாலு பிரேக்குதான்.

டயர் பிரஷர் லைட் எரியுது, பஞ்சர் ஒண்ணும் இல்ல

குளிர்ல காத்து சுருங்கும், அம்புட்டுதான். கம்பத்துல 35 டிகிரி வெயில்ல 33 பிஎஸ்ஐ அடிச்ச டயர் ஜீரோ டிகிரியில 27, 28ன்னு காட்டும். ஸ்னோக்கு காத்து குறைவா இருந்தா நல்லதுன்னு சொல்றவங்க இருக்காங்க, மணல்ல ஓட்டுற கதைய கொண்டு வந்து இங்க சொல்றாங்க, கேக்காதீங்க. காலையில வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, டயர் ஜில்லுனு இருக்கறப்ப, கதவுல ஒட்டியிருக்கற அளவுக்கு அடிங்க. கூடவே டயரையும் ஒரு பார்வை பாருங்க, நம்ம சாதா டயர் ரப்பர் 7 டிகிரிக்கு கீழ இறுகிப்போயிரும். மலையும் அதுக்குள்ள ஸ்னோ பூவும் படம் போட்ட டயர்தான் நிஜமான ஸ்னோ டயர், செல்ஃப் டிரைவ் வண்டியில அது இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, டயர் மேல இருக்கற வரிப்பள்ளம், அதான் பட்டன், எவ்வளவு தேஞ்சிருக்குன்னு மட்டுமாவது பாத்து எடுங்க. கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கற வண்டியா பாத்து எடுங்க, வெள்ளை போர்டு வண்டிய வாடகைக்கு எடுத்து செக்போஸ்ட்ல நின்னா அது வேற பஞ்சாயத்து.

சொந்த வண்டியில போனவங்க திரும்பி இறங்குறப்ப இதே கணக்கு தலைகீழா வேலை செய்யும். மேல ஜீரோவுல 33 அடிச்ச டயர் 35 டிகிரி வெயிலுக்கு வந்தா 39 காட்டும், அதோட ஹைவேயில நூறுல வந்தா டயர் நடுவுல மட்டும் தேயும், பிரேக்கும் கம்மியாதான் புடிக்கும். சண்டிகர்ல சாப்பிட நிறுத்துற இடத்துல ஒரு மணி நேரம் ஆற விட்டு, பக்கத்து பங்க்ல காத்த குறைச்சுட்டு கிளம்புங்க.